பேய்க்கு உள்ளே அனுமதி இல்லை

“முழுக் கதையையும் ஒரு தடவை படிக்கக் கொடுங்க சார்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். சம்பள உயர்வு கேட்கலாம். கிடைக்காது, ஆனால் கேட்கலாம். விடுப்புக் கேட்கலாம், முறைப்பார்கள். ஆடுகிற நாற்காலியை மாற்றித் தரச்சொல்லிக் கேட்கலாம், சிரிப்பார்கள். முழுக் கதையைக் கேட்பது இந்த வகையில் சேராது. அது, மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளை எங்கே என்று விசாரிப்பது மாதிரி.

நான் விசாரித்துவிட்டேன்.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தத்தம் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நல்ல மனிதர், செருப்புதான் கனம்.

கதை இலாகாத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் உரை வரப்போகிறது என்று அர்த்தம்.

“ஏம்மா டிகிரி, உன் கை என்ன செய்யுதுன்னு உன் காலுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“ஆனா நடக்கிறியா, இல்லையா?”

“நடக்கிறேன் சார். தலைக்கு எல்லாம் தெரியுமே.”

“அந்தத் தலை நான்தான்.”

“அப்போ நீங்க முழுசாப் படிச்சிருக்கீங்களா சார்?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “தலை படிக்காதும்மா. தலை நினைக்கும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் அதைக் குறித்தும் வைத்துக்கொண்டார்.

‘டிகிரி’ என்பது என் பட்டப்பெயர். சேர்ந்த அன்று வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அந்த மாடியில் எல்லோருமே பட்டம் வாங்கியவர்கள்தான். ஆனால் அவர்களுடையது அப்பா காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் பொருள், அதனால் யார் கண்ணுக்கும் தெரியாது. என்னுடையது புதுசு, பளபளத்தது.

அந்த மாடிக்குக் கதை இலாகா என்று பெயர். ஒரு படக் கம்பெனியின் ஐந்து மாடிகளில் நான்காவது. கீழே கணக்கு, அதற்குக் கீழே விளம்பரம், மேலே முதலாளி. நடுவில் நாங்கள், ஒரு பேய்ப் படத்தின் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருந்தோம்.

முதல் பாகத்தைப் பற்றிச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். அது சின்னப் படம். புகுந்த வீட்டார் ஒரு மழை நாளில் மருமகளை வெளியே தள்ளித் தாழ் போட்டுவிடுகிறார்கள். அவள் தட்டித் தட்டி, யாரும் திறக்காமல், வாசற்படியிலேயே செத்துப்போகிறாள். அதன் பிறகு தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் கதவு தட்டப்படும். கோபமான தட்டல் இல்லை. கை வலித்துப்போன ஒருத்தி தட்டுவது போன்ற தட்டல். படம் முழுக்க இவ்வளவுதான். பேயை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. கடைசியில் கிழட்டு மாமனார் நடுங்கிக்கொண்டே எழுந்து கதவைத் திறந்து, “உள்ள வாம்மா” என்கிறார். வாசலில் யாரும் இல்லை. தட்டல் நிற்கிறது. படம் முடிகிறது.

கல்லூரியில் படிக்கும்போது அம்மாவோடு போய்ப் பார்த்தேன். அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் அட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்கிறாள். மேற்பார்வையாளருக்குப் பயப்படாதவள், பாம்பை விளக்குமாற்றால் தள்ளிவிடுபவள். அப்படிப்பட்டவள் அந்தப் படத்துக்குப் பிறகு ஒரு மாதம் எனக்குக் கதவு திறக்கவில்லை.

“யாரு?”

“நான்தாம்மா.”

“பேயும் அப்படித்தான் சொல்லும்.”

“அம்மா, கால் வலிக்குது, திற.”

“உன் அப்பாவுக்கு எந்தக் கன்னத்துல மச்சம்? சொல்லு, திறக்கிறேன்.”

அப்போதே முடிவு செய்தேன். எழுதினால் இப்படி எழுத வேண்டும். என் அம்மாவையே எனக்குக் கதவு திறக்க விடாமல் செய்ய வேண்டும். அந்தப் படத்தின் கம்பெனியிலேயே, அதே படத்தின் இரண்டாம் பாகத்திலேயே வேலை கிடைத்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: “உன் பேரு வருமாடி? திரையில?”

வரும் என்று தலைவர் சொல்லியிருந்தார். திரைக்கதை என்ற எழுத்துக்குக் கீழே, மற்றவர்களோடு, ஒரு வரியில். அம்மா அதைத் தன் தொழிற்சாலையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். பேர் வரும் இடத்தில் கைதட்டுவதற்கு ஆள்கூட ஏற்பாடு செய்துவிட்டாள்.

இனி இலாகாவின் வேலை முறை. கதை வெளியே கசிந்துவிடக் கூடாது என்று அதைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஓர் அறையில் வைத்திருந்தார்கள். பயப் பிரிவு, சிரிப்புப் பிரிவு, அழுகைப் பிரிவு. ஒரு பிரிவு எழுதுவது இன்னொரு பிரிவுக்குத் தெரியக் கூடாது. ஒட்டுவதற்கென்று தனியாக இணைப்புப் பிரிவு. அவர்களும் துண்டுகளின் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டுமே பார்க்கலாம். நடுவில் இருப்பதைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் சந்தேகப்படுவார்கள்.

நான் பயப் பிரிவு. என் மேலாளர்தான் காலை மிதித்தவர். எல்லோரும் அவரைத் தடால் அண்ணன் என்பார்கள். இருபது வருடமாகப் பேய்ப் படங்களுக்கு எழுதுகிறார். அவர் எழுதுவது ஒரே ஒரு சொல்தான். பக்கத்தில் நாலு வரி விட்டு ‘இங்கே ஒரு தடால்’ என்று எழுதுவார். பிறகு நாலு வரி விட்டு இன்னொன்று.

“என்ன தடால்ணே?”

“பூனை.”

“அடுத்தது?”

“கண்ணாடி. அதுக்கு அடுத்தது தோள்ல கை. திரும்பிப் பார்த்தா சிநேகிதன்.”

“இது எல்லாப் படத்துலயும் வந்துடுச்சேண்ணே.”

“அதனாலதாம்மா நம்பி வைக்கலாம்.”

அவரிடம் குறை சொல்ல மனம் வராது. மதியம் தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தள்ளிவிடுவார். ஆரம்பத்தில் அவரும் கேட்டாராம், முழுக் கதை. அதற்குப் பிறகுதான் தடால் பக்கம் மாற்றினார்களாம்.

எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு காட்சி: பேய் திரும்பி வருவது. எழுத உட்கார்ந்தால் முதல் கேள்வியே இடித்தது. போன படத்தில்தான் கதவைத் திறந்தாயிற்றே, தட்டல் நின்றாயிற்றே, அவள் ஏன் திரும்பி வருகிறாள்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் முழுக் கதையைக் கேட்டேன். கூட்டத்தில் தலை, கை, கால் எல்லாம் முடிந்த பிறகு இந்தக் கேள்வியையும் போட்டேன்.

தலைவர் நிஜமாகவே குழம்பினார். “முதல் பாகம் ஓடிச்சு. அதனால வர்றா.”

“அது நமக்குத் தெரியும் சார். அவளுக்குத் தெரியணுமே.”

“பேய்க்கு எதுக்கும்மா காரணம்? பேயி என்ன வேலைக்கா விண்ணப்பம் போடுது?”

மேசை சிரித்தது. மேசையின் ஓரத்தில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. இயக்குநர். முதல் பாகத்தை எடுத்தவர் அவர்தான். சொந்த அத்தை வீட்டை இரவல் வாங்கி, சொந்த மாமாவையே மாமனாராக நடிக்க வைத்து எடுத்தவர். இப்போது கூட்டங்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும் “பாத்துக்கலாம்” என்பார். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி ஆகியிருந்தது முகம்.

முழுக் கதை கிடைக்காது என்று ஆனதும், நானே போய்ப் பொறுக்கினேன். தேநீர் வாங்கும் சாக்கில் ஒவ்வோர் அறையாக நுழைந்து பேச்சுக் கொடுத்தேன். சிரிப்புப் பிரிவில் பேய் ஓர் ஆண் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மீசையை வைத்து நிறைய நகைச்சுவை எழுதி முடித்திருந்தார்கள். அழுகைப் பிரிவில் அவளுக்கு ஒரு மகள், மகளுக்குக் கல்யாண வயது. எங்கள் பிரிவிலோ அவள் கல்யாணமாகி மூன்றே மாதத்தில் செத்தவள்.

இதை இணைப்புப் பிரிவில் போய்ச் சொன்னேன். அங்கிருந்த அக்கா களைப்போடு என்னைப் பார்த்தார்.

“மூணு பேயாக்கிடலாம்.”

“அக்கா?”

“ஒருத்தி சின்ன வயசு. ஒருத்தி அவ அக்கா. மீசை வச்சது சித்தப்பா. குடும்பமாச் செத்துட்டாங்க. போ, எனக்கு இன்னும் பதினாறு ஓட்டை அடைக்கணும்.”

அன்று சாயங்காலம் உட்கார்ந்து என் காட்சியை எழுதினேன். காரணம் யாரும் தராததால் நானே கண்டுபிடித்தேன். அவள் திரும்பி வரவில்லை. அவள் போகவே இல்லை. “உள்ள வாம்மா” என்று கூப்பிட்டார்கள், உள்ளே வந்தாள். பிறகு கதவை மறுபடி தாழ் போட்டுவிட்டார்கள். யாருடைய வீட்டில் சாகும்வரை தட்டினாளோ அதே வீட்டுக்குள் இப்போது மாட்டிக்கொண்டாள். விளக்கு வைக்கும் நேரம். வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருக்கிறார்கள். கதவு தட்டப்படுகிறது. மாமனாரின் பேரன் ஓடிப்போய்த் திறக்கப் பார்க்கிறான். பாதியில் நிற்கிறான். தட்டல் உள்பக்கத்திலிருந்து வருகிறது. அவனுக்கு ஒரு கை தூரத்தில்.

எழுதி முடித்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இயக்குநரிடம் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவும் கூடாதுதான். நின்றபடியே படித்தார். கட்டியிருந்த கையைப் பிரித்தார். மறுபடி படித்தார்.

“கடைசியில யாரு திறந்துவிடுவா?”

“அதுக்குத்தான் சார் முழுக் கதையும் கேட்டேன்.”

முதல் தடவையாக அவர் “பாத்துக்கலாம்” என்று சொல்லவில்லை. “இத எடுக்கிறோம்” என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு நாயகனின் மைத்துனர் வந்தார். நாயகன் வரமாட்டார், மைத்துனர்தான் வருவார். கையில் இரண்டு தொலைபேசி, இரண்டையும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

“ஒரே ஒரு சின்ன விஷயம். மாமா பயப்பட மாட்டாரு.”

“பேய்ப் படம் சார்,” என்றேன்.

“அதனால? பேயி பயப்படட்டும். மாமா பயந்து எந்தப் படத்துலயாவது பாத்திருக்கீங்களா? ரசிகருங்க மனசு உடைஞ்சிடும்மா.”

இயக்குநர் மெதுவாக, “கண்ணை மட்டும் லேசா விரிக்கலாமா?” என்றார்.

மைத்துனர் யோசித்தார். நியாயமான மனிதர். “விரிக்கலாம். ஆனா கோபத்துல.”

செய்தி ஒரே நாளில் பரவிவிட்டது. நாயகியின் அம்மா வந்தார். “அவரு பயப்படலன்னா என் பொண்ணு மட்டும் பயப்பட அவ என்ன இளிச்சவாயா?” நகைச்சுவை நடிகர் வந்தார். பயந்து பயந்தே பேர் வாங்கியவர். இந்தப் படத்திலிருந்து தன்னை மக்கள் வேறு மாதிரி பார்க்க வேண்டும் என்று கண்கலங்கினார். பேரனாக நடிக்கும் குழந்தையின் அப்பா வந்தார். பிள்ளை ஒரு பால் மாவு விளம்பரத்தில் ‘அச்சம் அறியாத குழந்தை’யாக நடித்திருக்கிறானாம், அவன் மிரண்டால் பால் மாவு போணியாகாதாம். மிச்சம் இருந்தது வீட்டு நாய். நாயைப் பழக்குபவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: “பயந்த நாய்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, அப்புறம் போலீஸ் படத்துக்குக் கூப்பிட மாட்டாங்க சார். அதுக்கும் வாழ்க்கை இருக்கு.”

எல்லாவற்றுக்கும் தலைவர் சம்மதித்தார்.

“அப்போ படத்துல யாருதான் சார் பயப்படுறாங்க?” என்று கேட்டேன்.

“ஜனங்கம்மா. டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்க இல்ல, அவங்க பாத்துக்குவாங்க.”

அதற்குப் பிறகு வந்தவர் பூட்டுக் கம்பெனி அதிகாரி. படத்தின் செலவில் ஒரு பங்கு அவர்களுடையது. அதனால் பழைய வீடு போய் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்திருந்தது. எல்லா வாசலிலும் அவர்கள் கதவு, விரல் வைத்தால் திறக்கும் பூட்டு. மிக மரியாதையான மனிதர். கோப்பைக்கு அடியில் கைக்குட்டை விரித்துத்தான் தேநீர் குடித்தார்.

“நாங்க கதையில தலையிட மாட்டோம். ஒரே வேண்டுகோள். எங்க பூட்டைப் பேய் திறக்கக் கூடாது.”

“அது திறக்க வேணாம் சார், கதவு வழியா அப்படியே ஊடுருவி வந்துடும்,” என்றார் தடால் அண்ணன், உதவி செய்வதாக நினைத்து.

“ஊடுருவவும் கூடாதுங்க. அஞ்சு வருஷம் உத்தரவாதம் கொடுக்கிறோம்.”

“ஜன்னல் வழியா?”

“ஜன்னலும் நம்ம குழுமம்தான்.”

அறை யோசித்தது. நான் என் காட்சியை எடுத்து நீட்டினேன். “சார், என் காட்சியில பேய் உள்ள வரவே வேணாம். ஏற்கனவே உள்ளதான் இருக்கு. வெளிய போகத்தான் தட்டுது.”

அதிகாரியின் முகம் மலர்ந்தது, பிறகு வாடியது. “அப்போ எங்க கதவு உள்ள இருக்கிறவங்களை வெளிய விடாதுன்னு ஆகிடுமே? தீயணைப்புத் துறையில கேப்பாங்கம்மா. அதோட, எதுக்குத் தட்டணும்? அழைப்பு மணி இருக்கு. பேரு சொல்லிக் கூப்பிடும். தட்டினா மணி வேலை செய்யலன்னு நினைச்சுக்குவாங்க.”

அப்படித்தான் என் காட்சி போனது. முதலில் தட்டல் போய் மணி வந்தது. மணி அடித்தால் வாசலில் நிற்பவர் முகம் தொலைபேசியில் தெரியும் என்பதால், முதல் பாகத்தில் யாரும் பார்த்திராத பேய்க்கு முகம் வந்தது. முகம் வந்ததால் ஒப்பனை வந்தது. தொலைபேசியில் அந்த முகத்தைப் பார்த்து நாயகன் பேச இரண்டு பக்க வசனம் வந்தது. வசனத்தைக் கேட்டுப் பேய் ஓரடி பின்வாங்க வேண்டும் என்று மைத்துனர் கேட்டுக்கொண்டார்.

“பேய் உள்ள வரக் கூடாது, யாரும் பயப்படக் கூடாதுன்னா, மூணு பேயும் படம் முழுக்க எங்க சார் இருக்கும்?” என்றேன்.

“வெளிய நிக்கும்,” என்றார் தலைவர். சொன்ன பிறகு அவருக்கே அது பிடித்துப்போயிற்று. கண்ணாடியைத் துடைத்தார். “வெளிய நிக்கிற பேய்! இது வரைக்கும் யாராவது பண்ணியிருக்காங்களா? எல்லாரும் பேயை வீட்டுக்குள்ள விட்டுக் கெடுத்தாங்க. நாமதான் அதை அதோட இடத்துல வைக்கிறோம்.”

அறை கைதட்டியது. இயக்குநரைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“பாத்துக்கலாம்,” என்றார், யாரும் எதுவும் கேட்காமலே.

அடுத்த வாரம் பூட்டுக் கம்பெனி எங்கள் கூட்ட அறைக்கும் தன் கதவை இனாமாக மாட்டிக் கொடுத்தது. கனமான மரக் கதவு. உள்ளே வரவும் விரல், வெளியே போகவும் விரல். கதை கசியாது என்று தலைவருக்குப் பரம திருப்தி. எங்கள் எல்லோருடைய விரல் பதிவும் அவர் தொலைபேசியில் இருந்தது.

படம் எடுத்து முடித்தார்கள். எங்கள் கட்டடத்தின் சின்னத் திரையரங்கில் ஊழியர்களின் வீட்டாருக்கு முதலில் போட்டுக் காட்டினார்கள். மதியக் காட்சி. அம்மா இரவு வேலை முடித்து, குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு நேராக வந்தாள். கைதட்ட ஏற்பாடு செய்திருந்த ஆட்களைக் கூட்டி வரக் கூடாதென்று சொல்லிவிட்டதால், “நானே ரெண்டு கையாலயும் தட்டிக்கிறேன்” என்றாள்.

படம் ஓடியது. பூனை வந்தது. கண்ணாடி வந்தது. தோளில் கை வந்தது, சிநேகிதன். நாயகன் கோபத்தில் கண்ணை விரித்தார். மணி அடித்தது. பேய் தொலைபேசியில் வந்து நெற்றி முடியைச் சரிசெய்துகொண்டது. அதை வெட்ட மறந்துவிட்டார்கள். சித்தப்பா பேய் மீசையை முறுக்கியது. எனக்கு முன்வரிசையில் ஒருவர் தன் மனைவியிடம் வீட்டுக் கடன் தவணையைப் பற்றிப் பேசினார். அவருக்கு அதில்தான் பயம் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து. கைகள் இரண்டும் மடியில் தயாராக இருந்தன. பேர்கள் ஓடும்போது நான் எழுப்பவில்லை. என் பேர் வந்தது, போனது. அம்மா பார்க்கவில்லை. எனக்கு அதில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது.

பேருந்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு சொக்கிடுச்சுடி. ராத்திரி பூரா நின்ன காலு. தப்பா எடுத்துக்காத.”

“பரவால்லம்மா.”

“எல்லாரும் பயந்தாங்களா?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“நான்தான் கெடுத்துட்டேன். முழிச்சிருந்தா எனக்கும் பயமா இருந்திருக்கும். அந்த மொதப் படம் மாதிரி. நீ நல்லாத்தான் எழுதியிருப்ப, எனக்குத் தெரியாதா?” கொஞ்ச நேரம் கழித்து, “பேரு பெரிசாப் போட்டாங்களா?” என்றாள்.

“சின்னதா.”

“சின்னதுன்னா என்ன? பேரு பேருதான்.”

கையைத் தட்டிக்கொடுத்தாள். அவர்கள் எழுதிய குப்பைக்கு என் அம்மா தன் தூக்கத்தைக் காரணம் காட்டி என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபது மணி நேரம் விழித்திருந்த பெண். ‘அவர்கள் எழுதிய’ என்று எழுதுகிறேன். திரையில் அப்படி இல்லை. திரையில் அந்த வரியில் நானும் இருந்தேன். இப்படியே போனால் நாளைக்கு அவளுடைய தொழிற்சாலையில் அத்தனை பேரும் தங்கள் தூக்கத்துக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மா தோசைக்கரண்டியைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே முடிவு செய்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், நான் மனம் மாறிவிடுவேன்.

மறுநாள் கூட்டத்தில் இனிப்புக் கொடுத்தார்கள். மூன்றாம் பாகம் உறுதியாகிவிட்டதாம்.

“எதனால சார்?” என்றார் தடால் அண்ணன்.

“ரெண்டாம் பாகம் இருக்கே, அதனால,” என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “டிகிரிக்கு இந்த முறை சிரிப்புப் பிரிவு. கொஞ்சம் சிரிச்ச முகமா மாறட்டும்.”

நான் எழுந்து நின்றேன்.

“சார், என் பேரைப் படத்துலேர்ந்து எடுத்துடுங்க.”

கோப்பைகளுக்குள் யாரும் தேடவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“எடுக்கவா? எல்லாரும் போடச் சொல்லித்தாம்மா கேப்பாங்க.”

“தெரியும் சார். எங்க அம்மாவும் அதான் கேட்டாங்க.”

“ஒரு பேரைத் தூக்கினா அந்த இடம் காலியாத் தெரியும். என்னமோ சண்டைன்னு வெளிய பேசுவாங்க.”

“அந்த இடத்துல பூட்டுக் கம்பெனி பேரைப் போடுங்க. எங்க எல்லாரையும்விட அவங்கதான் நிறைய எழுதினாங்க.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. “இதோ பாரும்மா. படிக்க வச்சா இப்படித்தான். உன் வயசுல நானும் முழுக் கதை கேட்டவன். அதை விட்டதாலதான் இந்த நாற்காலி. நல்ல கதை எழுதுறவங்க நூறு பேரு வெளிய நிக்கிறாங்க. உள்ள இருக்கிறதுக்குத் திறமை தேவையில்லை, பொறுமைதான் தேவை. நான் இருபத்தெட்டு வருஷமா ஒரு வரி எழுதினது கிடையாது. என்னை யாராவது அசைக்க முடிஞ்சுதா?”

அவரே சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். சட்டென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோபப்பட்டார்.

“பேரு எடுத்தாச்சு. வேலையும் எடுத்தாச்சு.” தொலைபேசியை எடுத்து இரண்டு இடத்தில் அழுத்தினார். “உன் விரலையும் எடுத்தாச்சு. கிளம்பு.”

பையை மாட்டிக்கொண்டேன். தடால் அண்ணனுக்குத் தலையசைத்தேன். அவர் தன் பங்கு இனிப்பை என் பக்கம் தள்ளினார், பழக்கத்தில். கதவுக்குப் போய் விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு முறை வைத்தேன். சிவப்பு.

முதுகுக்குப் பின்னால் அவர்கள் மூன்றாம் பாகத்துக்குப் போய்விட்டார்கள். நாலாவது பேய் நாயகனின் தாத்தாவாக இருக்கலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. திறந்துவிடச் சொல்லிக் கேட்க எனக்கு அலுப்பாக இருந்தது. இந்த அறையில் நான் கேட்டது எதுவும் இதுவரை கிடைத்ததில்லை.

கையை மடக்கி, கதவைத் தட்டினேன். கோபமாக இல்லை. கை வலித்துப்போனவள் தட்டுவது மாதிரி.

பேச்சு நின்றது.

மறுபடி தட்டினேன்.

ஒரு கோப்பை கவிழ்ந்து உருண்டது. “யாரு?” என்று தலைவர் கேட்டார், நான் அவர் கண் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தும். தடால் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டதைக் கதவின் பித்தளைக் கைப்பிடியில் பார்த்தேன். இருபது வருடப் பூனைகளால் முடியாதது.

மூன்றாவது முறை தட்டக் கையைத் தூக்கும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. இயக்குநர் எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார். கட்டியிருந்த கையைப் பிரித்துத் தன் விரலை வைத்தார். பச்சை எரிந்தது. கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“போம்மா,” என்றார்.

நான் போனேன்.